ஒன்பது போதும்

அஞ்சலகத்தில் முப்பத்தோரு வருடம்
முத்திரை குத்திய கை,
கையெழுத்துப் போடவும் உதவும் என்று நினைத்திருப்பார்கள்.
ஓசூர் சிப்காட்டில் கண் மருந்து செய்யும் கம்பெனி.
விலங்கு நெறிக் குழுவில்
அறிவியல் தெரியாத ஒருவர் இருந்தாக வேண்டுமாம்.
தெரியாதவள் நான்.
என் நாற்காலி ஏ.சி.க்கு நேர் கீழே.

முதல் கூட்டத்தில் கேட்டேன்:
"பன்னிரண்டு முயல் எதற்கு?"
டாக்டர் ஷாஹிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வழக்கமாகப் பன்னிரண்டுதான் என்றார்.
"எட்டு போதாதா?"
பத்தலப்பள்ளி மார்க்கெட்டில்
தக்காளிக் கூடைக்கு இதே குரலில்தான் கேட்பேன்.
எனக்கே கூசியது.
அவர் காகிதத்தைத் திருப்பி
பின்பக்கம் கணக்குப் போட்டார்,
யாரோ டீயில் நனைத்த பிஸ்கட்
உடைந்து உள்ளே விழும் வரைக்கும் போட்டார்.
"எட்டு என்றால் முடிவு நிற்காது.
நிற்காத முடிவுக்கு
எட்டையும் வீணாக வதைத்ததாக ஆகும்.
ஒன்பது போதும்."

அன்று பாகலூர் ரோட்டில் பஸ்சுக்கு நிற்கையில்
மூன்று உயிர் உள்ளே இருப்பது போல
கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அடுத்த மாதப் படிவத்தில் வேறு மருந்து.
எண்ணிக்கை: ஒன்பது.
இருப்பில் உள்ளவை: மூன்று.
புதிதாக வாங்க வேண்டியவை: ஆறு.

அந்த மூன்றேதானா என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

முயல் அறைக்குள் போக
செருப்புக்கு உறை, தலைக்குத் தொப்பி.
கதவைத் திறந்தவன் சென்றாயன், அஞ்செட்டிப் பக்கம்.
சத்தமாப் பேசாதீங்கம்மா என்றான்.
நான் பேசவே இல்லை.
வெள்ளை. எல்லாமே வெள்ளை.
காதில் வெளிச்சம் பட்டால் நரம்பு தெரிகிறது,
வெற்றிலையை வெயிலுக்குக் காட்டியது போல.
ஒன்றைத் தூக்கி முழங்கைக்குள் அணைத்து
கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டான்.
மறு கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
அது ஒப்பிட்டுப் பார்க்க.
மூக்கு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

"பாவமா இல்லையா சென்றாயா?"
"புடிக்கிற கை நடுங்குனா
அதுக்குத்தாம்மா கஷ்டம்.
பாவத்த வூட்டுக்குப் போயிப் பாத்துக்குவேன்."

பங்குனியில் கிருஷ்ணகிரியில் எனக்குப் புரை எடுத்தார்கள்.
ஆறு வாரம், நாளுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து.
குப்பியைத் திருப்பிப் பார்த்தேன்.
எங்கள் கம்பெனி இல்லை, வேறு ஊர்.
அதில் நிம்மதி ஏதும் இல்லை
என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருந்தது.
அண்ணாந்து
கீழிமையை நானே இழுத்து
ஒரு சொட்டு.
எரியவில்லை.
எரியாது என்று எப்படித் தெரியும் இவர்களுக்கு?
எங்கேயோ எரிந்திருக்கிறது.
எரிந்த மருந்தெல்லாம் கடைக்கு வராமல் நின்றிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து மொட்டைமாடிக்கு ஏறினேன்.
ஐந்தாறு வருடமாய்க் கலங்கிக் கிடந்த
சந்திரசூடேஸ்வரர் மலை
படியேறுகிறவர்களின் சட்டை நிறத்தோடு வந்து நின்றது.
யாருக்குச் சொல்வது என்று தெரியாத நன்றி
தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி
தொண்டையிலேயே இருந்தது.

இந்தக் கூட்டத்தில் ஷாஹிதா
தட்டில் வளர்க்கும் செல்களைப் பற்றிச் சொன்னார்.
எரிச்சலில் பாதியை அவையே காட்டிவிடும்.
மீதிக்கு முயல்.
"மீதி எத்தனை?"
"ஆறு."
படிவத்தில் எட்டாம் பத்தி:
வேறு வழி இல்லை என்பதற்குக் காரணம்.
போன தடவை எழுதியதையே ஒட்டியிருந்தார்கள்,
அதே எழுத்துப்பிழையோடு.
திரும்ப எழுதுங்கள் என்றேன்,
இந்தத் தடவை தேடிப் பார்த்துவிட்டு.

முகங்கள் சுளித்தன. ஏ.சி. ஓடியது.
இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று.
எந்தக் கண்ணுக்கோ இரண்டு வாரம் தாமதம்.
அதுவும் என் கணக்கில்தான்.

வந்தது. படித்தேன். வேறு வழி இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.
முத்திரை குத்தும் வேகத்தில் அல்ல,
மெதுவாக, முழுப் பெயரும், இனிஷியலோடு.

வராந்தாவில் சென்றாயன் நின்றிருந்தான்.
"எத்தனைம்மா?"
"ஆறு."
தலையாட்டிவிட்டு
ஆறு கூண்டு கழுவப் போனான்.